ரெண்டு பாட்டு, ஒரு கணக்கு

பேப்பர்ல போட்டிருந்தாங்க பாருங்க, "பெருந்தோட்டப் பாடசாலையில் டிஜிட்டல் புரட்சி"ன்னு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. புரட்சியாவது புண்ணாக்காவது! படத்துல எங்க பள்ளிக்கூடத்துப் பெரிய சேர் நடுவுல நிக்கிறாரு, கேடயம் பளபளன்னு இருக்கு, யோகமலரு ஓரத்துல பாதி மூஞ்சியோட நிக்கிறா. கீழ அவளை "சமூக சேவகி"ன்னு வேற எழுதியிருக்கான். எங்க யோகமலரு சமூக சேவகி இல்லீங்க. கொழுந்து எடுக்கிற பொம்பள. பெல்மதுளையிலருந்து த்ரீவீல்ல முக்கா மணித்தியாலம் மேல ஏறினா வர்ற எங்க தோட்டத்துல, எனக்குப் பக்கத்து நிரையில பதினேழு வருஷமா கூடை கட்டுறவ. அவ கதைய நான் சொல்லாம வேற எவன் சொல்லுவான்?

நான் மூக்கையா பொண்டாட்டி. எம் பேரு உங்களுக்குத் தேவையில்ல, தோட்டத்துல வந்து "அந்த வாயாடி வீடு எது?"ன்னு கேட்டாலே காட்டிக் குடுப்பாங்க.

யோகமலரு எட்டாம் வகுப்போட நின்னவ. படிப்பு ஏறாம நின்னவ இல்ல, கணக்குல நூத்துக்குத் தொண்ணூத்தாறு எடுத்தவ. அந்தக் காலத்துல எங்க பள்ளிக்கூடம் எட்டோட முடிஞ்சிச்சு. அதுக்கு மேல படிக்கணும்னா டவுனுக்குப் போகணும். காலையில ஒரு பஸ், சாயந்தரம் ஒரு பஸ். வந்தா வரும், வராட்டி பதினோரு கிலோமீட்டர் றப்பர் காட்டு வழியா நடக்கணும். "பொம்பளப் புள்ளைய அந்த வழியில விட ஏலாது"ன்னு அவ அப்பா ஒரே பேச்சுல முடிச்சிட்டாரு. அடுத்த மாசமே கொழும்புல ஒரு வீட்டுக்குக் கைக்கொழந்தை பாக்க அனுப்பிட்டாங்க. ஆறு வருஷம். அங்க அவ கத்துக்கிட்டது சிங்களமும் சமையலும்தான். திரும்பி வந்து கல்யாணம் பண்ணினா. புருஷன் நிவித்திகல பக்கம் மாணிக்கக் குழியில வேலை, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவாரு. ஒரே மக, தக்‌ஷிகா.

பொறகு எங்க பள்ளிக்கூடத்துல ஒம்பதும், அதுக்கப்புறம் பத்தும் பதினொண்ணும் வந்திச்சு. நாங்க குடியிருக்கிற லயத்துலருந்து புள்ளைங்க நடந்து போயே பதினொண்ணாம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதலாம்னு ஆச்சு. யோகமலருக்கு அதுல எவ்வளவு சந்தோசம்னு எனக்குத் தெரியும். "எம் புள்ள பஸ்ஸுக்காகப் படிப்ப நிறுத்த வேண்டியதில்ல"ன்னு அடிக்கடி சொல்லுவா. அந்தப் பத்தையும் பதினொண்ணையும்தான் மூடப் பார்த்தாங்க, அதுவும் தக்‌ஷிகா ஒம்பது படிக்கிற வருஷம் பார்த்து.

அதுக்கு முன்னாடி அந்தப் போன் கதையச் சொல்லணும்.

கொரோனா நேரம் பள்ளிக்கூடம் பூட்டிட்டாங்க. கணக்கு வாத்தியாரு வசந்தன் சேர், யாழ்ப்பாணத்துப் புள்ள, மொத மொதல்ல வேலை கெடச்சு எங்க தோட்டத்துக்கு வந்தவரு. பாவம், பாடத்தையெல்லாம் தன் குரல்ல பேசிப் பேசிப் போன்ல அனுப்பினாரு. அனுப்பி என்ன? லயத்துல சிக்னல் கெடையாது. சிக்னல் வேணும்னா ஆறாம் நம்பர் மலையில கல்லு மேல ஏறி நிக்கணும். அதவிடப் பெரிய கூத்து என்னன்னா, வீட்டுக்கு ஒரு போன். அந்தப் போன் காலையில ஏழரைக்கு அம்மாகூட மலைக்கு வந்திடும். ரெட்டுச் சாக்கு கட்டியிருக்கிற இடுப்புல சொருகிக்கிட்டு நாங்க பாட்டுக் கேட்டுக்கிட்டே கொழுந்து எடுப்போம். நாலரைக்கு வீட்டுக்குப் போகும்போது அதுல உசுரு இருக்காது. புள்ள எப்பப் படிக்கிறது?

பெல்மதுளையில நிலாம் நானா கொமினிகேஷன் கடை வச்சிருக்காரு. போனுக்குப் போடுற சிப்புல பாட்டு ஏத்திக் குடுப்பாரு. ஒரு நாள் யோகமலரு தக்‌ஷிகாவுக்கு வந்த பாடத்தையும் அவருகிட்டயே எடுத்து, ஒரே சிப்புல போட்டுக்கிட்டு வந்திட்டா. அடுத்த நாள் மலையில நல்ல டப்பாங்குத்துப் பாட்டு ஒண்ணு போகுது, நாங்க எல்லாம் தலைய ஆட்டிக்கிட்டு இருக்கோம். பாட்டு முடிஞ்சதும் திடீர்னு வசந்தன் சேர் கொரலு: "இண்டைக்கு நாங்கள் சதவீதத்தைப் பற்றிப் பாப்பம்." சிரிச்சுச் சிரிச்சு எனக்கு மூச்சு வாங்கிச்சு. "அடியே, வாத்தியாரு கூடைக்குள்ள ஒக்காந்திருக்காருடி!"ன்னு கத்தினேன். எல்லாரும் நிறுத்தச் சொன்னோம். அவ நிறுத்தல. அன்னைக்கு முழுக்க அந்த ஒரே பாடத்த நாலு தடவ கேட்டா.

நாலாவது தடவைக்குப் பொறகு கைய நிறுத்திட்டு என்னையப் பார்த்தா. "அக்கா, இது நம்ம தண்ணி வெட்டுதான்!"

மழை நாள்ல கொழுந்து நனைஞ்சிருந்தா, கொழுந்து நிறுக்கிற கொட்டுல கணக்கப்புள்ள கொஞ்சம் கிலோ கழிப்பாரு. அதுக்குப் பேரு தண்ணி வெட்டு. நாங்க வருஷக்கணக்கா அதுக்கு வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டவங்க. இருபது கிலோவுக்கு ரெண்டு கிலோ போனா அது பத்து சதவீதம்னு அன்னைக்குத்தான் எனக்கு வெளங்கிச்சு. வசந்தன் சேர் ஏதோ வங்கி, வட்டின்னு சொன்னதுல ஒரு மண்ணும் புரியல. அவ சொன்னதும் புரிஞ்சிச்சு.

சாயந்தரம் அதை அப்படியே தக்‌ஷிகாவுக்குச் சொல்லிக் குடுத்தா. பக்கத்துக் காம்பரா வீட்டுப் புள்ளைங்களும் வந்து ஒக்காந்துச்சுங்க. ஒரு மாசத்துல வசந்தன் சேருக்கு விஷயம் தெரிஞ்சு லயத்துக்கே வந்திட்டாரு. கோவிப்பாரோன்னு இவ நடுங்கிட்டா. அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? "நான் படிப்பிச்சது பிள்ளையளுக்கு விளங்கேல்லை, நீங்கள் சொன்னது விளங்குது. உங்கட குரலிலயே பதிஞ்சு தாங்கோ அக்கா. பிழை இருந்தா நான் திருத்துறன்."

அப்படித்தான் தொடங்கிச்சு. அவரு பாடத்தைப் பதிஞ்சு குடுப்பாரு, இவ மலையில அதைக் கேட்டுக் கேட்டு மண்டையில ஏத்துவா, பொறகு தன் பேச்சுல மறுபடி பதிவா. அவரு கேட்டுத் திருத்துவாரு. ரெண்டு பாட்டு, ஒரு கணக்கு, மறுபடி ரெண்டு பாட்டு. பாட்டு இல்லாம வெறும் பாடத்தைப் போட்டா நாங்க கேப்போமா? காதைப் பொத்திக்குவோம். அவளுக்கு எங்களைத் தெரியும். கணக்கைக் கேட்டு முடிச்சதும், "பத்துக் கொழுந்து கிள்ளுங்க, அதுக்குள்ள விடைய நெனைச்சுக்குங்க"ன்னு ஒரு இடைவெளி விடுவா. நாங்க கிள்ளிக்கிட்டே யோசிப்போம், நிரைக்கு நிரை விடைய கத்துவோம். பொறகுதான் அவ கொரலு விடைய சொல்லும். தப்பாச் சொன்னவளை அன்னைக்குப் பூரா கிண்டல் பண்ணியே கொன்னுடுவோம். பைதகரஸ்ஸுன்னு ஒரு ஆளு கண்டுபுடிச்ச கணக்கையும் அப்படித்தான் படிச்சோம். லயத்துலருந்து கொட்டுக்கு வளைஞ்சு போற ரோட்டையும் நாங்க குறுக்கால ஏறுற பாதையையும் வச்சு அவ சொன்னா. குறுக்கு வழியில போனா தூரம் கொறையும்னு எங்களுக்கு அந்த ஆளா சொல்லணும்? எவ்வளவு கொறையும்னு மட்டும் அவருகிட்ட கேட்டுக்கிட்டோம்.

பகல்ல அம்மாமாருங்க படிச்சோம். ராத்திரிச் சோத்துக்கு முன்னாடி அதையே புள்ளைங்களுக்குச் சொன்னோம். போன் செத்துக் கெடந்தாலும் பாடம் எங்க வாயில இருந்திச்சு.

கங்காணி காத்தமுத்துக்கு மட்டும் இது கண்ணுல முள்ளு. "இது மலையா, பள்ளிக்கூடமா? கை ஓடலேன்னா தொரைகிட்ட நான்தான் பேச்சு வாங்கணும்!"ன்னு தெனமும் கத்து. "கங்காணி, கொழுந்த நிறுத்துப் பார்த்துட்டுப் பேசுங்க"ன்னு நான் ஒரு நாள் கத்தினேன். நிறுத்தும் பார்த்தாரு. ஒரு கிலோகூடக் கொறையல. அதுக்குப் பொறகும் வாய் மட்டும் ஓயல.

நிலாம் நானா வேற, அந்தப் பக்கத் தோட்டத்துப் பொம்பளைங்க பாட்டு ஏத்த வந்தா, கேக்காமலே யோகமலரு கணக்கையும் ஏத்திவிடத் தொடங்கிட்டாரு. "பாட்டு மட்டும் வேணுமெண்டா வேற கடை பாருங்க"ன்னு சொல்லுவாராம். வியாபாரியாச்சே, இப்படிச் சொல்றாரேன்னு எனக்கே ஆச்சரியம்.

முன்னாடி ஓ.எல். பத்தொம்பது பேரு எழுதினா மூணு பேருதான் கணக்குல பாஸ். ரெண்டு வருஷம் போச்சு. பதினேழு பேரு எழுதினாங்க, பதினாலு பேரு பாஸ். அன்னைக்கு லயத்துல பட்டாசு வெடிச்சோம்.

வெடிச்ச வாசம் போறதுக்குள்ள கடுதாசி வந்திச்சு. ரிசல்ட்டு நல்லாத்தான் இருக்காம், ஆனா பத்துலயும் பதினொண்ணுலயும் புள்ளைங்க தொகை காணாதாம். வார வருஷத்துலருந்து அந்த வகுப்பை எடுத்துட்டு டவுன் பள்ளிக்கூடத்தோட சேர்க்கப் போறாங்களாம். அன்னைக்கு மலையில யோகமலரு கூடை பாதிகூட ரொம்பல. சாயந்தரம் நடந்து வரும்போதுதான் சொன்னா: "அக்கா, அதே பஸ்ஸு. இப்பவும் அதே ரெண்டு பஸ்ஸுதான் இருக்கு." பொம்பளப் புள்ள வச்சிருக்கிற அத்தனை வீட்டுலயும் அன்னைக்கு இதே பேச்சுத்தான். எட்டு வீட்டுல, ஒம்பதோட நிறுத்திடுவோம்னு அப்பவே முடிவு பண்ணிட்டாங்க.

பெரிய சேர், அதான் அதிபர் இராசநாயகம், நல்ல மனுசன்தான். வடக்குலருந்து வந்து எங்க பள்ளிக்கூடத்துலயே பதிமூணு வருஷம் இருக்காரு. ஆனா பயந்தாங்கொள்ளி. அந்த நேரம் மாகாணத்துல ஒரு போட்டி வச்சாங்க, தொழில்நுட்பத்தால நல்லாப் படிச்சுக் குடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு விருது. அவரு எங்களையெல்லாம் கூப்பிட்டு, "மாகாண விருது எடுத்த பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் கை வைக்க மாட்டினம். இதை வெண்டா வகுப்பு நிக்கும்"னு சொன்னாரு. எங்களுக்கு உசுரு வந்திச்சு. வசந்தன் சேர், "அப்ப யோகமலரக்காட வேலையை எழுதுவம்"னாரு. பெரிய சேர் தலையைச் சொறிஞ்சாரு. எட்டாம் வகுப்புப் படிச்ச பொம்பள, ஒடஞ்ச போனு, சினிமாப் பாட்டு. இதை எழுதி அனுப்பினா சிரிப்பாங்கன்னு அவருக்குப் பயம். கடைசியில விண்ணப்பப் பாரத்துல அவரு எழுதினது ஸ்மார்ட் போர்டு.

அந்த ஸ்மார்ட் போர்டு கதை உங்களுக்குத் தெரியாதே! யாரோ புண்ணியவான் குடுத்தது. ஒடஞ்சிடும்னு பயந்து மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காம, பெரிய சேர் தன் கந்தோர் அறையில பெட்ஷீட் போத்தி வச்சிருந்தாரு. சரஸ்வதி பூசைக்கு மட்டும் பெட்ஷீட்டை எடுத்து சட்டத்தோட நாலு மூலையிலயும் சந்தனம் குங்குமம் வச்சுக் கும்புடுவோம். நானும் வச்சிருக்கேன், பொய் சொல்லக் கூடாது.

விருதுக்காரங்க நேருல பார்க்க வர்றாங்கன்னு நாளும் குறிச்சாங்க. எங்க தோட்டத்துல ஒரு பழக்கம் இருக்கு. பெரிய ஆளுங்க வந்தா லயத்துக்கு ரோட்டுப் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடிப்போம். பின்பக்கம் எப்படி வேணா கெடக்கட்டும். அன்னைக்கும் அதையேதான் செஞ்சோம். "நாளைக்கு ஒரு நாள் மலையில பாட்டுக் கீட்டு வேண்டாம், போனெல்லாம் வீட்டில வச்சிட்டுப் போங்கோ"ன்னு பெரிய சேர் கும்புடாத கொறையாக் கேட்டாரு. நாங்களும் சரின்னு தலையாட்டினோம். மானம் போயிடக் கூடாதுல்ல! எது எங்க பெருமையோ அதையே தூக்கி ஒளிச்சு வச்ச மடச்சிங்க நாங்கதான்.

யோகமலரு தன் போனை அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடினா. எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. "ஏன்டி, ரெண்டு வருஷமா தொண்டை கட்டக் கட்டப் பேசினது நீ. பேரு வாங்கிறது சந்தனம் வச்ச போர்டா?"ன்னு கேட்டேன். "எம் பேரு எதுக்குக்கா? வகுப்பு நின்னாப் போதும்"னா. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அழுதாளா என்னன்னு நான் பார்க்கல.

மறுநாள் ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு சிங்கள மேடம், அவங்கதான் பெரியவங்க. கூட முஹ்ஸின் சேர்னு ஒரு கல்விக் கந்தோர் ஆளு, தமிழ் பேசினாரு. பள்ளிக்கூடத்துல நடந்ததை வசந்தன் சேர் பொறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். போர்டைப் போட்டாங்க, வெளிச்சம் வந்திச்சு. ஒரு புள்ள போயி எழுதினா எழுத்து வரல. மேடம் கிட்டப் போயிப் பார்த்தா மேல பிளாஸ்டிக்கு! அதை உரிச்சாங்க. அப்பவும் திரையில தெரியிற அம்பு தானா மூலைக்கு ஓடுது. மேடம் வெரலால சட்டத்து மூலையச் சொரண்டிப் பார்த்தாங்களாம். காஞ்ச சந்தனம். பெரிய சேர் மூஞ்சியில ஈயாடல.

மேடம் வகுப்புப் பக்கம் திரும்பினாங்க. "ஒரு பள்ளிக்கூடத்துல இருநூத்தி நாப்பது பேரு. பதினஞ்சு சதவீதம் வரல. வந்தது எத்தனை பேரு?" முஹ்ஸின் சேர் தமிழ்ல சொல்லி முடிக்கல, தக்‌ஷிகா எழும்பிட்டா. "இருநூத்தி நாலு!" எப்படின்னாங்க. "பத்துக்கு இருபத்தி நாலு, அதுல பாதி பன்னெண்டு, சேர்த்தா முப்பத்தாறு. அது தண்ணி வெட்டு, மிச்சம் இருநூத்தி நாலு." மேடத்துக்கு ஆச்சரியம். வேற வேற கணக்காக் கேட்டாங்க, வேற வேற புள்ளைங்க சொல்லிச்சு. "கவுத இகென்னுவே?" யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. புள்ளைங்க பெரிய சேரைப் பார்த்துச்சுங்க. பொய் சொல்லத் தெரியாத புள்ளைங்க. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்லிச்சு: "அம்மா."

"அம்மா எங்க வேலை?"

"கொழுந்து."

மேடம் காலணிய மாத்திக்கிட்டு, மலைக்குப் போகணும்னு சொல்லிட்டாங்க.

பதினோரு மணி இருக்கும். நாங்க அறுவது பேரு நாலாம் நம்பர் மலையில நிக்கிறோம். பாட்டு இல்ல, பேச்சு இல்ல, எழவு வீடு தோத்துச்சு. கீழ ரோட்டுலருந்து மேடம் வேர்த்து விறுவிறுத்து ஏறி வர்றாங்க, பின்னால முஹ்ஸின் சேர், அதுக்கும் பின்னால பெரிய சேர் கைலேஞ்சால கழுத்தைத் தொடைச்சுக்கிட்டு. மேடம் நேரா எங்கிட்ட வந்து, புள்ளைங்களுக்கு யாரு கணக்குச் சொல்லிக் குடுக்கிறதுன்னு சிங்களத்துலயே கேட்டாங்க. நான் பெரிய சேரைப் பார்த்தேன். பொறகு யோகமலரைப் பார்த்தேன். அவ தலைய குனிஞ்சு சும்மா இருந்த எலையையே தடவிக்கிட்டு நிக்கிறா. அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கல. வாக்குக் குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன!

"இந்தா நிக்கிறாளே, இவதான்!" நான் போட்ட சத்தத்துல அடுத்த மலைக்காரங்ககூடத் திரும்பிப் பார்த்திருப்பாங்க. "எங்க எல்லாருக்கும் இவதான் டீச்சரு. அந்தப் போர்டு பூசைக்குத்தாங்க!"

பெரிய சேர் அப்படியே கல்லு மேல ஒக்காந்துட்டாரு. யோகமலரு நிமிர்ந்து, நல்ல சிங்களத்துல எல்லாத்தையும் சொன்னா. போன் பகல்ல அம்மாகிட்ட இருக்கிறது, பாட்டுக்கு நடுவுல பாடம், வசந்தன் சேர் திருத்துறது, நிலாம் நானா ஏத்துறது. மேடம் குறுக்க பேசாமக் கேட்டாங்க. பொறகு கைய நீட்டினாங்க. போனைக் குடு, நான் கேக்கணும்னு.

போனு அரிசி டின்னுல! அறுவது பொம்பளைங்ககிட்டயும் ஒரு போனு கெடையாது, பாடம் வச்சிருக்கிற வசந்தன் சேரும் பள்ளிக்கூடத்துலயே நின்னுட்டாரு. ஒருத்திய ஒருத்தி பார்த்துக்கிட்டோம். சொன்னதுக்குச் சாட்சி வேணுமே, கையில ஒண்ணும் இல்லையே. லயத்துக்கு ஓடிப் போயி வர முக்கா மணித்தியாலம் ஆகும். மேடம் மணிக்கூட்டைப் பார்க்கிறாங்க, பன்னெண்டரைக்கு அவங்க வேற எடத்துல இருக்கணுமாம். யோகமலரு முகம் செத்துப் போச்சு. எனக்கு அழுகையே வந்திடுச்சு. நம்ம கையாலயே நம்ம புள்ளைங்க படிப்பைப் பொதைச்சிட்டோமேன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் பின்னாலருந்து ஒரு இருமல். கங்காணி காத்தமுத்து. மூஞ்சி செவந்து போயி, சட்டைப் பைக்குள்ள கைய விட்டு ஒரு போனை எடுத்தாரு. "இந்தாங்க. இதுல இருக்கு."

"கங்காணி! நீங்களா?"ன்னேன்.

"சும்மா நேரம் போகத்தான் கேக்கிறது. ஒனக்கு என்ன?"ன்னு எரிஞ்சு விழுந்தாரு. ரெண்டு வருஷமா எங்களைத் திட்டின மனுசன், ஒரு காதுல வயரைச் சொருகிக்கிட்டு அத்தனை பாடத்தையும் கேட்டிருக்காரு! இதை இப்ப நெனைச்சாலும் எனக்குச் சிரிப்பு.

போட்டாரு. மொதல்ல பாட்டு. கல்யாண வீட்டுப் பாட்டு, மலை பூராக் கேக்குது. பெரிய சேர் கண்ணை மூடிக்கிட்டாரு. பாட்டு முடிஞ்சிச்சு. யோகமலரு கொரலு வந்திச்சு: "ஏ தாய்மாருங்களா, இருபத்தஞ்சு கிலோ கொழுந்து. நல்ல மழை. பன்னெண்டு சதவீதம் தண்ணி வெட்டு. மிச்சம் எவ்வளவு? பத்துக் கொழுந்து கிள்ளுங்க, அதுக்குள்ள விடைய நெனைச்சுக்குங்க."

யாரும் யாருக்கும் சொல்லல. கை தானா எலைக்குப் போச்சு. அறுவது பேரும் கிள்ளுறோம், மலையில கொழுந்து ஒடியிற சத்தம் மட்டும்தான். பழக்க தோசம்! மேடம் முன்னாடி நிக்கிறாங்கங்கிற நெனைப்பே இல்ல. பத்தாவது கொழுந்து கிள்ளினதும் கீழ் நிரையிலருந்து மேல் நிரை வரைக்கும் ஒரே சத்தம்:

"இருபத்திரெண்டு!"

அதுக்குப் பொறகு போன் சொல்லிச்சு, "இருபத்திரெண்டு. சரியாச் சொன்னவங்க நிமிர்ந்து நில்லுங்க." எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நிமிர்ந்தோம். மேடத்துக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. எங்களைப் பார்த்தே "ஹரிம ஹொந்தய், ஹரிம ஹொந்தய்"னு, ரொம்ப நல்லாருக்குன்னு, திரும்பத் திரும்பச் சொன்னாங்க. முஹ்ஸின் சேர் கை தட்டினாரு.

இப்ப பெரிய சேர் செஞ்சதையும் சொல்லணும். திட்டினது மட்டும் சொன்னா பாவம். அந்த மனுசன் கல்லுலருந்து எழும்பி வந்து, முஹ்ஸின் சேர் கையிலிருந்த பாரத்தை வாங்கினாரு. ஸ்மார்ட் போர்டுன்னு எழுதினதைக் கோடு போட்டு வெட்டினாரு. பொறுப்பாளர்னு இருந்த எடத்துல தன் பேரை வெட்டிட்டு, எங்க முன்னாலயே, ஒரு கூடையக் கவுத்து அதுமேல பாரத்தை வச்சு, யோகமலர்னு எழுதினாரு. தகைமைங்கிற எடத்துல பேனா நின்னிச்சு. "எட்டாம் வகுப்புன்னே எழுதுங்க சேர்"னா இவ. எழுதினாரு. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை"ன்னு கை கூப்பினாரு. அன்னைக்குத்தான் எனக்கு அவர் மேல நெஜமா மரியாதை வந்திச்சு.

இரத்தினபுரியில பெரிய மண்டபம். ரெண்டு வேன் புடிச்சுப் போனோம். கங்காணி வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு முன் சீட்டுல ஒக்காந்துக்கிட்டாரு, யாரு கேக்கிறது? கம்ப்யூட்டர் அறை வச்ச பெரிய பெரிய பள்ளிக்கூடமெல்லாம் வந்திருந்திச்சு. மூணாவது எடம் சொன்னாங்க, நாங்க இல்ல. ரெண்டாவது சொன்னாங்க, அதுவும் இல்ல. அப்புறம் மொதலாவது எடம்னு எங்க பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லி, யோகமலர்னு கூப்பிட்டாங்க பாருங்க! நான் கத்தின கத்துல பக்கத்துல இருந்த அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க. இவ சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறினா. என்ன தொழில்நுட்பம் பாவிச்சீங்கன்னு மேடையில மைக்கைக் குடுத்துக் கேட்டாங்க. சிங்களத்துல ஒருக்கா, தமிழ்ல ஒருக்கா அவ சொன்னா: "போன் எல்லார் வீட்டுலயும் இருந்திச்சுங்க. பகல்ல அது எங்க இருக்குன்னு மட்டும் பார்த்தோம். எங்ககிட்டதான் இருந்திச்சு. அதனால நாங்க படிச்சோம்." மண்டபமே எழும்பி நின்னு தட்டிச்சு. நான் தட்டல. எனக்கு மூக்கைத் துடைக்கவே நேரம் சரியாப் போச்சு.

கேடயம் வந்தாச்சு, கடுதாசி வரல. ஒரு மாசம், ரெண்டு மாசம். யோகமலரு தெனமும் பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்துக்கிட்டே மலை ஏறுவா. வருஷக் கடைசியில ஒரு நாள் காலையில, நாங்க வேலைக்கு வரிசையில நிக்கிற நேரம், பெரிய சேர் செருப்புக்கூட ஒழுங்காப் போடாம ஓடி வந்தாரு. மூச்சு வாங்கி அவருக்குப் பேச்சு வரல. கடுதாசிய கங்காணி வாங்கி எல்லாருக்கும் கேக்கச் சத்தமாப் படிச்சாரு: பத்தும் பதினொண்ணும் எங்க பள்ளிக்கூடத்துலயே நடக்கும். பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைங்களையும் இங்கயே சேர்க்கலாம்.

யோகமலரு கூடையோட அப்படியே தரையில ஒக்காந்தா. ஒக்காந்து, வாய் விட்டு அழுதா. நாங்க யாரும் தடுக்கல. எத்தனை வருஷத்து அழுகையோ, அழுது தீரட்டும்னு சுத்தி நின்னோம்.

புது வருஷம் பள்ளிக்கூடம் தொடங்கின அன்னைக்கு, பத்தாம் வகுப்புக்கு இருபத்தாறு புள்ளைங்க. ஒம்பதோட நிறுத்துறதா இருந்த எட்டு பொம்பளப் புள்ளைங்களும் அதுல இருந்துச்சுங்க. வெள்ளை உடுப்போட, ரெட்டைச் சடை போட்டு, லயத்துப் பாதையில வரிசையாப் போகுதுங்க. தக்‌ஷிகா முன்னால. ஏழரை மணி தாண்டிடுச்சு, நாங்க ஒருத்தியும் மலை ஏறல, ரோட்டு ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருக்கோம். கங்காணி கத்தல, அவரும் நின்னாரு. யோகமலரு என் கைய இறுக்கிப் புடிச்சிருந்தா. கடைசிப் புள்ள வாசல்ல ஏறினதும் சொன்னா:

"அக்கா, நடந்தே போயிட்டாளுங்க."

அன்னைக்கு எங்க எல்லாருக்கும் கொழுந்து கொறஞ்சிச்சு. யாரு கவலப்பட்டா!